அம்மா வழியில் இறந்தவர்கள்

பாரன்கீயா
3 மார்ச் 1997

அனிபால்,

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் மூன்று தாள்களைக் கிழித்துவிட்டேன். நலமா என்று கேட்கும் உரிமைகூட எனக்கு இருக்கிறதா தெரியவில்லை. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். பெயர் யானெத். ஆகஸ்டில் பத்து வயது முடியும். போன நவம்பரில் பள்ளி ஓட்டப்பந்தயத்தில் ஓடிக்கொண்டிருந்தவள் பாதி வழியில் விழுந்து, கைகால் இழுத்து, ஒரு நிமிடத்தில் தானாக எழுந்து உட்கார்ந்துவிட்டாள். வலிப்பு என்று மாத்திரை கொடுத்தார்கள். ஜனவரியில் மாடிப்படி ஏறி ஓடிவந்தபோது மறுபடியும் விழுந்தாள். இப்போது சல்சேதோ என்ற பெண் மருத்துவரிடம் காட்டுகிறோம். இது வலிப்பாக இருக்காது, இதயமாக இருக்கலாம் என்று அவர் சந்தேகப்படுகிறார். இ.சி.ஜி. எடுத்தால், கோடு சரி என்றும் சொல்ல முடியவில்லை, தவறு என்றும் சொல்ல முடியவில்லையாம். "உங்க குடும்பத்துல சின்ன வயசுல திடீர்னு யாராவது செத்திருக்காங்களா? அது தெரிஞ்சாதான் என்னால முடிவு சொல்ல முடியும்" என்றார்.

என் கணவர் ஃபாபியோ பக்கம் எல்லோரும் எண்பதைத் தாண்டியவர்கள். நம் அப்பா பக்கமும் அப்படித்தான். அம்மா வழியில்தான் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நீ ஊரிலேயே இருக்கிறாய். பெர்த்தா சித்தியும் பக்கத்தில் இருக்கிறாள். யார், எந்த வயதில், எதனால் என்று விசாரித்து எழுத முடியுமா?

போனில் கேட்டிருக்கலாம். உன் குரலைக் கேட்டால் பேசாமல் வைத்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

ஒத்தீலியா


புவேர்த்தோ லிரியோ
17 மார்ச்

அக்கா,

இருபத்தொரு வருஷம் கழித்து உன் கையெழுத்து. அதுவும் யார் யார் செத்தார்கள் என்று கேட்டு.

உறையைக் கையில் வைத்துக்கொண்டே பட்டறையில் நின்றிருந்தேன். எல்வீரா வாங்கிப் படித்தாள். எல்வீரா என் மனைவி, உனக்குத் தெரியாது. "பிள்ளைக்கு உடம்பு சரியில்லன்னு எழுதியிருக்காங்க. முறுக்கிக்கிட்டு நிக்காதீங்க" என்றாள். அதனால்தான் இந்தப் பதில்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அம்மா 1979இல், நாற்பத்தைந்து வயதில். அதற்கு நீ வந்திருந்தாய். சவப்பெட்டிக்கு அந்தப் பக்கம் நின்றாய். அம்மாவின் அண்ணன் துலியோ மாமா, நான் பிறப்பதற்கு முந்தின வருஷம். விஷம் வைத்துவிட்டார்கள் என்று ஊரில் பேச்சு. வேறு யாரும் நினைவில் இல்லை. சித்தியிடம் கேட்டதற்கு, "செத்தவங்கள எதுக்குடா கிளறுற?" என்று மீன் கழுவப் போய்விட்டாள்.

எனக்கு ஒரு மருமகள் இருப்பதே இந்தக் கடிதத்தில்தான் தெரிந்தது. பத்து வயதாம்.

அனிபால்


பாரன்கீயா
31 மார்ச்

அன்புள்ள அனிபால்,

எல்வீராவுக்கு என் நன்றியைச் சொல். உனக்கும்தான்.

நீ எழுதியதை மருத்துவரிடம் கொடுத்தேன். அவர் ஒரு பெரிய தாளில் நம் குடும்பத்தை வரைகிறார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். இறந்தவர்கள் மேல் குறுக்கே ஒரு கோடு. அம்மாவின் வட்டத்தின் மேல் அவர் கோடு போட்டபோது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"விஷம்", "துக்கம்" என்று ஊர் சொல்வது அவருக்குப் போதவில்லை. இறந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்றுதான் கேட்கிறார். ஓடினார்களா, ஆடினார்களா, பயந்தார்களா, எவ்வளவு நேரத்தில் உயிர் போனது, அதற்குமுன் மயங்கி விழுந்ததுண்டா. சித்தியை இன்னொரு முறை கேட்டுப் பார். நான் கேட்டதாகச் சொல்லாதே. பிள்ளைக்காக என்று சொல்.

"தண்ணில மூழ்கி யாராவது?" என்றும் கேட்டார். ஒருவன் உண்டு, அது விபத்து, இதில் சேராது என்று சொல்லிவிட்டேன். அவர் எழுதப்போன பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

யானெத்துக்கு ஓடக்கூடாது, நீந்தக்கூடாது என்று உத்தரவு. வீட்டுக்குள் மெதுவாக நடந்து நடந்து எங்களைக் கேலி செய்கிறாள். கிழவி மாதிரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு. உனக்குப் பிடித்துப்போகும்.

ஒத்தீலியா


புவேர்த்தோ லிரியோ
20 ஏப்ரல்

அக்கா,

பட்டறையை நான்கு நாள் மூடிவிட்டேன். இரண்டு படகுக்காரர்கள் இஞ்சின் தயாராகவில்லை என்று என் வாசலில் நின்று திட்டிவிட்டுப் போனார்கள். அந்தத் திட்டு உன் கணக்கில் சேரட்டும்.

முதலில் மாதா கோயிலுக்குப் போனேன். சாவுப் புத்தகத்தைக் காக்கிற ஆள், தன் சொந்தப் பெண்ணைக் காக்கிற மாதிரி காக்கிறான். பக்கத்தை அவனேதான் திருப்புவான். அதிலே காரணம் என்ற இடத்தில் பாதிப் பேருக்கு "ஆண்டவன் சித்தம்" என்று எழுதியிருக்கிறது. அதை வைத்து உன் மருத்துவர் என்ன செய்வார்? ஆனாலும் ஒரு பெயர் கிடைத்தது. கசில்தா, வயது பதினேழு, 1925, "திடீர் மரணம்".

அந்தப் பெயரைச் சொன்னதும்தான் சித்தி வாயைத் திறந்தாள். கசில்தா நம் அம்மாவுடைய சித்தி. பெண்களோடு ஆற்றில் குளிக்கப் போனவள், அக்கரை மணல்திட்டைத் தொட்டுவிட்டு வருகிறேன் என்று நீந்தியிருக்கிறாள். நடு ஆற்றில் சத்தமில்லாமல் போய்விட்டாள். ஆற்றுப் பூதம் மோஹான்தான் இழுத்துக்கொண்டான் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டார்கள். அழகான பெண்களைத்தானே அவன் இழுப்பான். சித்தி இன்னும் அதைத்தான் நம்புகிறாள்.

பிறகு துலியோ மாமா. இருபத்துநான்கு வயதில், தன் கல்யாணத்தன்றே. இதைச் சித்தி கண்ணால் பார்த்திருக்கிறாள். அன்றைக்கு அவளுக்குப் பதினெட்டு வயது. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"மேளக்காரங்க வேகத்த ஏத்திக்கிட்டே போனாங்க. அண்ணன் விடல. எல்லாரும் ஒதுங்கிட்டாங்க, அவரு மட்டும் ஆடுறாரு. சிரிச்சுக்கிட்டேதான் இருந்தாரு. அப்படியே மடிஞ்சு விழுந்தாரு. நாங்க வேடிக்கைக்கு விழுறாருன்னு கை தட்டினோம்டா. கை தட்டினோம்."

அதற்குமுன் லெயொனோர் என்ற பெண்ணோடு அவருக்குப் பழக்கம் இருந்ததாம். அவளை விட்டுவிட்டு வேறு பெண்ணைக் கட்டினார். அதனால் அவள்தான் சாராயத்தில் ஏதோ கலந்து அனுப்பினாள் என்று சொல்லி, அவள் வீட்டுக்குக் கல் எறிந்து ஊரைவிட்டே துரத்திவிட்டார்கள். கல்யாண வீட்டுப் பக்கமே அவள் வரவில்லையாம். சித்திக்கு இப்போது அதில் சந்தேகம் வந்திருக்கிறது. அன்றிரவு சாப்பிடவில்லை.

அம்மாவைப் பற்றி எனக்கே தெரியும். மழை வருகிறது என்று கொடியில் இருந்த துணிகளை எடுக்க ஓடினாள். கையில் போர்வையோடு விழுந்தாள். நான் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. சின்ன வயதிலும் ஓடினால் மயங்கி விழுவாளாம். "அவளுக்கு ரத்தம் போதாதுன்னு ஈரலா ஆக்கிப் போட்டாங்க" என்கிறாள் சித்தி. ஊர் சொன்னது வேறு. பிள்ளையை இழந்த துக்கத்தில் போனாள் என்றார்கள். அதாவது, என்னால் போனாள்.

எழுதி முடித்துவிட்டுப் படித்துப் பார்த்தால் ஒன்று தோன்றுகிறது, அக்கா. நம் வீட்டில் நோயால் யாரும் சாகவே இல்லை. ஒருத்தியை மோஹான் கொன்றான், ஒருவரை லெயொனோர் கொன்றாள், மற்றவர்களை நான் கொன்றேன்.

உன் மருத்துவருடைய தாளில் ஒரு சதுரம் குறைகிறது. அது சேராது என்று நீ சொல்லிவிட்டாய். உன் இஷ்டம்.

அனிபால்


பாரன்கீயா
28 ஏப்ரல்

தம்பி,

மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்தைப் பொறுத்துக்கொள்.

நேற்று ஃபாபியோவின் அலுவலகத்து நண்பர் வீட்டில் ஒரு பிறந்தநாள். அங்கே நீச்சல் குளம். பிள்ளை கெஞ்சியிருக்கிறாள். இடுப்பளவு தண்ணீர்தானே, நீந்தாமல் சும்மா நிற்கட்டும் என்று ஃபாபியோ விட்டிருக்கிறார். நான் சமையலறையில் இருந்தேன். மற்றப் பிள்ளைகள் பந்தைத் துரத்தியபோது இவளும் துரத்தினாளாம். ஒரு சத்தமும் இல்லை. கையை அசைக்கவில்லை, காலை உதைக்கவில்லை. குப்புற மிதந்தாள். விளையாடுகிறாள் என்று நினைத்தார்களாம். இவர்தான் உடையோடு குதித்துத் தூக்கினார். கரையில் போட்டதும் இரும வேண்டியவள் இருமவில்லை. பிறகு ஒரு மூச்சு வந்தது. பிழைத்துக்கொண்டாள். இப்போது மருத்துவமனையில் தூங்குகிறாள்.

நான் ஓடிவந்தபோது இவர் நனைந்துபோய் அவளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியும். அந்த வார்த்தைகளை ஏற்கெனவே ஒரு முறை சொல்லியிருக்கிறேன். உன் முகம் எனக்கு முன்னால் வந்து நின்றது. வாயை மூடிக்கொண்டேன்.

நம் சின்னத் தம்பி எவேலியோவைப் பற்றி எழுது. அன்று நீ சொன்னபோது நாங்கள் யாரும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். எனக்காக வேண்டாம், அவளுக்காக எழுது.

உன் அக்கா


புவேர்த்தோ லிரியோ
6 மே

அக்கா,

முதலில் பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று தந்தி கொடு. கடிதம் வரும்வரை என்னால் காத்திருக்க முடியாது.

நீ கேட்டதை எழுதுகிறேன். இதை எல்வீராவுக்குக்கூட முழுதாகச் சொன்னதில்லை.

1976 பிப்ரவரி, ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொரு மணி இருக்கும். எனக்குப் பத்தொன்பது, எவேவுக்குப் பதினொன்று. மணல்திட்டுவரை போட்டி வைத்தோம். நான் விட்டுக்கொடுக்கவில்லை. அவன் என்னைவிட வேகம், உனக்குத் தெரியும். இரண்டு கை தூரம் முன்னால் போய்க்கொண்டிருந்தான். திரும்பிப் பார்த்து, "அண்ணே, உனக்கு வயசாயிடுச்சு" என்றான். அதுதான் அவன் கடைசியாகப் பேசியது.

பத்துப் பதினைந்து கை வீச்சு போயிருப்பான். நின்றுவிட்டான். கத்தவில்லை. கையைத் தூக்கவில்லை. தண்ணீருக்குள் எதையோ தேடுகிற மாதிரி குப்புறக் கிடந்தான். நான் சிரித்தேன். ஏமாற்றுகிறான், பக்கத்தில் போனதும் தண்ணீரை முகத்தில் அடிப்பான் என்று நினைத்தேன். மூச்சு வாங்கிக்கொண்டு அங்கேயே மிதந்தேன். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. நீளமான நேரமில்லை. ஆனால் இருபத்தொரு வருஷமாக நான் அந்த இடத்திலேயேதான் மிதந்துகொண்டிருக்கிறேன்.

புரட்டியபோது கண் திறந்திருந்தது. கரைக்கு இழுத்துவந்தேன். படகுக்காரர் ஒருவர் தலைகீழாகப் பிடித்து வயிற்றை அழுத்தினார். தண்ணீர் வரவில்லை, அக்கா. ஒரு வாய்த் தண்ணீர்கூட வரவில்லை. அதனால்தான் ஊரில் பேச்சு கிளம்பியது. மூழ்கினவன் வயிற்றில் தண்ணீர் இருக்குமே, இவன் அடித்திருப்பானோ, குடித்திருந்தானோ என்று. அவன் துடிக்கவே இல்லை என்று நான் எல்லோரிடமும் சொன்னேன். துடிக்காமல் யாராவது மூழ்குவார்களா, நீ பார்த்துக்கொண்டே இருந்திருக்க மாட்டாய் என்று அப்பா சொன்னார். அதற்கப்புறம் சாகிறவரை அவர் என்னிடம் உப்பு கொடு என்பதைத் தவிர எதுவும் பேசவில்லை.

நீ சொன்னது உனக்கு நினைவிருக்கும். "போனது ரெண்டு பேரு. வந்தது நீ மட்டும்."

அதற்குப் பிறகு நான் ஆற்றில் இறங்கவில்லை. படகு இஞ்சின் பழுது பார்க்கிறவன், சோதிப்பதற்குக் கரையில் ஒரு பீப்பாயில் தண்ணீர் வைத்திருக்கிறேன். ஊரில் சிரிப்பார்கள்.

இதை உன் மருத்துவருக்குக் கொடு. பிள்ளைக்கு உதவினால் சரி.

அனிபால்


பாரன்கீயா
24 மே

என் தம்பிக்கு,

தந்தி கிடைத்திருக்கும். யானெத் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

உன் கடிதத்தை மருத்துவர் சல்சேதோ இரண்டு முறை படித்தார். பிறகு அந்தப் பெரிய தாளை எடுத்து, நம் இருவருக்கும் பக்கத்தில் ஒரு சிறிய சதுரத்தை வரைந்து, உள்ளே எவேலியோ, 11 என்று எழுதினார். "முதல்லயே இதைக் குடுத்திருந்தீங்கன்னா" என்று தொடங்கியவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார்.

வலிப்பு இல்லை என்பது உறுதியாகிவிட்டது. இதயம் ஒவ்வொரு முறை துடித்த பிறகும் அடுத்த துடிப்புக்குத் தயாராகக் கொஞ்சம் நேரம் எடுக்குமாம். அம்மா வழி இரத்தத்தில் அந்த நேரம் நீளம். ஓடும்போது, நீந்தும்போது, ஆடும்போது அது தடுமாறி நின்றுவிடுகிறது. சில பேருக்குத் தானாகச் சரியாகிவிடும், மயக்கம் என்று நினைத்துக்கொள்வோம். சில பேருக்குச் சரியாகாது. தினமும் மாத்திரை போட்டால் பெரும்பாலும் அடக்கிவிடலாம் என்கிறார். வலிப்பு மாத்திரையை நிறுத்தியாயிற்று. எனக்கும் எடுத்துப் பார்த்தார்கள். எனக்கும் இருக்கிறது.

அவர் உனக்குச் சொல்லச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அந்தப் பையன் மூழ்கல. தண்ணில இருக்கும்போது இதயம் நின்னுருச்சு. உங்க தம்பி அந்த நிமிஷமே பிடிச்சு இழுத்திருந்தாலும், அந்தக் கரையில அவனைப் பிழைக்க வைக்க யார்கிட்டயும் ஒண்ணும் இல்ல. அவர் பார்த்ததை அப்படியே ஞாபகம் வச்சிருந்ததாலதான் இந்தப் பொண்ணு விஷயத்துல நான் தைரியமா முடிவெடுக்க முடிஞ்சது."

நீ அன்று சொன்னது ஒவ்வொரு சொல்லும் உண்மை, அனிபால். நாங்கள் யாரும் நம்பாத அதே வார்த்தைகள்தான் என் மகளைக் காப்பாற்றியிருக்கின்றன.

இதோடு முடித்துக்கொள்ளலாம் என்று நேற்று உறையை ஒட்டிவிட்டேன். காலையில் பிரித்தேன்.

மருத்துவர் ஒரு கேள்வி கேட்டார். அந்தப் பையன் அதற்குமுன் எப்போதாவது மயங்கி விழுந்தானா என்று. ஆமாம் என்றேன். என் வாயிலிருந்து அந்த உண்மை வெளியே வந்தது அதுதான் முதல்முறை. அவன் இறப்பதற்கு ஒரு வாரம் முன்னால், நம் வீட்டுக்குப் பின்னால் பந்து விளையாடும்போது விழுந்தான். நான் மட்டும்தான் பார்த்தேன். முகத்தில் தண்ணீர் தெளித்ததும் எழுந்துவிட்டான். அம்மாவுக்குத் தெரிந்தால் ஆற்றுக்கு விடமாட்டாள், சொல்லாதே அக்கா என்று என் பாவாடையைப் பிடித்துக்கொண்டான். நான் சொல்லவில்லை.

அவனைத் தூக்கி வந்தபோது அது எனக்கு நினைவு வந்துவிட்டது. யாராவது என்னைப் பார்ப்பதற்குள் எல்லோரும் உன்னைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. அதனால்தான் அத்தனை பேருக்கு முன்னால், அத்தனை சத்தமாக, அந்த வார்த்தையைச் சொன்னேன். பிறகு உன் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் ஊரைவிட்டு வந்தேன். கோபத்தால் வரவில்லை. கோபம் என்று நீ நினைத்தது எனக்கு வசதியாக இருந்தது.

இதற்குமேல் எனக்குக் கடிதம் எழுத உனக்குத் தோன்றாவிட்டால் எழுத வேண்டாம். ஆனால் நீ உடனே ஒரு இ.சி.ஜி. எடுத்துக்கொள்ள வேண்டும். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் நீயும் அம்மாவின் பிள்ளைதான்.

ஒத்தீலியா


புவேர்த்தோ லிரியோ
5 ஜூன்

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்து ஆறு நாள் ஆகிறது. மூன்று நாள் பட்டறையைத் திறக்கவில்லை. எல்வீரா பயந்துபோய்ச் சித்தியைக் கூட்டிவந்துவிட்டாள். மருத்துவர் சொன்ன பகுதியை மட்டும் அவர்களுக்குப் படித்துக் காட்டினேன். சித்தி அழுதுவிட்டு, எழுந்து போய் மீன் பொரித்து, எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சாப்பிட வைத்தாள்.

அடுத்த நாள் அவளையும் கூட்டிக்கொண்டு லெயொனோரைத் தேடிப் போனேன். ஆற்றுக்குக் கீழே இரண்டு ஊர் தள்ளி, மரவள்ளி ரொட்டி சுட்டு விற்கிறார். அறுபதைத் தாண்டிவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நாங்கள் யார் என்று சொன்னதும் கதவைச் சாத்தப் பார்த்தார். சித்திதான் கதவிடுக்கில் கையை வைத்துக்கொண்டு, "அது வியாதிங்க. எங்க வீட்டு வியாதி. உங்களைச் சொன்னதெல்லாம் பொய்யி" என்றாள். மருத்துவர் சொன்னதை அவருக்கும் படித்தேன். அவர் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டார். திட்டுவார் என்று காத்திருந்தோம். "அவ்வளவு நல்லாவா ஆடிட்டிருந்தாரு அன்னைக்கு?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றாள் சித்தி. உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுத்தார்.

இப்போது நீ எழுதியதற்கு வருகிறேன்.

அன்று கரையில் சட்டையைக் கழற்றும்போது எவே என்னிடம் சொன்னான். "அண்ணே, போன வாரம் பந்தாடறப்ப விழுந்துட்டேன். அக்காவுக்குத் தெரியும். அம்மாகிட்ட சொல்லிடாத." வெயிலாக இருக்கும்டா, தண்ணீரில் இறங்கினால் சரியாகிவிடும் என்றேன். நான்தான் சொன்னேன், அக்கா. போன கடிதத்தில் இதை எழுதாமல் விட்டது எனக்காகவும்தான், உனக்காகவும்தான்.

அன்று வீட்டில் நீ அந்த வார்த்தையைச் சொன்னபோது, அவன் விழுந்தது உனக்கும் தெரியும் என்று எனக்கு வாய்வரை வந்தது. நீ கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாய், முகத்தில் இரத்தமே இல்லை. அம்மாவுக்கு ஒரு பிள்ளை போயிருந்தது, இன்னொரு பிள்ளையை அவள் வெறுக்கத் தொடங்கியிருந்தாள். மூன்றாவதையும் எதற்கு அவளிடமிருந்து பறிப்பது என்று விட்டுவிட்டேன். பெரிய மனசு என்று நினைக்காதே. பல நாள் உன்னை மனதுக்குள் திட்டியிருக்கிறேன். ஆனால் சொல்லிவிடலாம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

சொல்லாதே என்று அவன் இரண்டு பேரிடமும் கேட்டுக்கொண்டான். இரண்டு பேரும் சொல்லவில்லை. அவனுக்குப் பதினொரு வயது, ஆற்றுக்குப் போக ஆசைப்பட்டான். அவ்வளவுதான் நடந்தது.

வியாழன் காலைப் படகில் கிளம்பி, அங்கிருந்து பேருந்து பிடித்து, மாலைக்குள் வந்துவிடுவேன். இ.சி.ஜி.க்கு உன் மருத்துவரிடமே நேரம் கேட்டு வை. எல்வீராவும் வருகிறாள், உன்னைப் பார்த்தே ஆகவேண்டுமாம்.

யானெத்திடம் மாமா வருகிறார் என்று சொல். எந்த மாமா என்று கேட்பாள். உன் தம்பி என்று மட்டும் சொல்லிவை. மற்றதை நான் வந்து சொல்லிக்கொள்கிறேன்.

அனிபால்